பேனாவை நீ பிடி, மாப்ள

வாடா மாப்ள, உக்காரு. அந்த முத்திரைத்தாளத் திண்ணை ஓரத்துல வைக்காத. பண்ணைக்காட்டு மேகம் எப்ப உள்ள வரும்னு மேகத்துக்கே தெரியாது. மை ஊறி 3 லட்சம் 8 லட்சமாத் தெரிஞ்சா எனக்கு ஒண்ணும் நட்டமில்ல.

காப்பியக் குடி. ஒனக்கு அவசரம், தெரியுது. சீசனுக்குள்ள டென்ட் அடிக்கணும், மஞ்ச பல்பு கட்டணும், கேமராவும் கையுமா வர்ற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நம்ம மொளகுக் கொடியக் காட்டி ராத்திரிக்கு இம்புட்டுன்னு வாங்கணும். நல்லா வாங்கு. ஏங் காப்பித் தோட்டத்துல மேக்காலப் பாதிய 10 வருசக் குத்தகைக்குத் தாரேன்னு வாயால சொல்லிட்டேன், மாறமாட்டேன். ஆனா வாய் வேற, தாள் வேற. பெரியகுளத்துல ஒரு வக்கீல்கிட்டக் குமாஸ்தாவா இருந்த காலத்துல நான் பாத்த கட்சிக்காரங்கள்ல முக்காவாசிப்பேரு ஒன்ன மாதிரிதான். "சொந்தக்காரங்கதானே, ரெண்டு வரி எழுதுனாப் போதும்"பாங்க. அந்த ரெண்டு வரிதான் எங்க வக்கீலுக்கு மாடி வீடு கட்டிக் குடுத்துச்சு.

சரி, எழுதியாந்தத வாசி. சத்தமா.

"மேற்படி நிலத்தைச் சுற்றுலாப் பணிகளுக்கும் அதனைச் சார்ந்த இதர பணிகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்." ஆகா! யாருடா எழுதிக் குடுத்தது, கம்ப்யூட்டர் சென்டர்காரனா? "சார்ந்த இதர பணிகள்." தலகாணியாட்டம் மெத்துன்னு இருக்கு சொல்லு. உள்ள முள்ளு இருக்கா பஞ்சு இருக்கான்னு தலை வச்ச பெறகுதான் தெரியும்.

பச்சைப் பள்ளத்தாக்குக்கு டூரிஸ்ட்டுகளக் கூட்டிட்டுப் போவேல்ல, அதாண்டா சூசைட் பாயின்ட்டு. மேகம் வெலகுனா கீழ வைகை அணை தெரியுதுன்னு கைகாட்டுவ. அந்தத் தண்ணில பெரியாத்துத் தண்ணியும் இருக்கு. அது மழையில மட்டும் வந்த தண்ணி இல்ல, ஒரு குத்தகைப் பத்திரத்துல வந்த தண்ணி. 1886 அக்டோபர் 29-ந் தேதி எழுதுனது. திருவிதாங்கூருக்குத் திவான் ராமையங்காரும் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்து. 8,000 ஏக்கரு, ஏக்கருக்கு வருசம் 5 ரூவா, 999 வருசத்துக்கு. அது முடிஞ்சா இன்னொரு 999 வருசத்துக்குப் புதுப்பிச்சுக்கலாம்னு வேற ஒரு வரி. நீ பத்து வருசத்துக்கே எங்கிட்ட மூணு நாளா இழுத்துக்கிட்டு இருக்க. வருசத்துக்கு வந்த 40,000 ரூவாயும் கையில தரல; திருவிதாங்கூரு கட்டவேண்டிய கப்பத்துல கழிச்சுக்கிட்டாங்க. வெள்ளைக்காரன் வெவரமானவன். இன்ஜினியர் பென்னிகுவிக் 1895-ல பெரியாத்து அணைய முடிச்சாரு. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்கு இன்னைக்கும் அவரு பேரு வைக்கிறாங்க. பத்திரம் எழுதுனவன் பேர எவனும் வைக்கல.

அந்தப் பத்திரத்துல என்ன போட்டிருந்தான்? பாசன வேலைகளும் அதச் சார்ந்த வேலைகளும் செஞ்சுக்கலாம்னு. கேட்டியா, "சார்ந்த"! தண்ணில இருந்து கரன்ட் எடுக்கலாம்னு 1886-ல கம்பம் பள்ளத்தாக்குல எவன் கண்டான்? நம்ம நாட்டுல மொத நீர் மின்சாரமே 1897-ல டார்ஜிலிங்லதான் வந்துச்சு. அப்பறம் 1932-ல பைக்காரா, 1937-ல மேட்டூரு. ஒவ்வொரு ஊரா வெளிச்சம் வர வர மெட்ராஸ் சர்க்காருக்கும் ஆச வந்துச்சு. பெரியாத்துத் தண்ணி மலையக் கொடஞ்சு இந்தப் பக்கம் சும்மாதானே விழுகுது? "தண்ணி எங்க குத்தகை. விழுகுற வேகத்துல கரன்ட் எடுத்தா ஒரு சொட்டு கொறையுமா? எடுத்துட்டு வயலுக்குத்தானே விடப்போறோம்?" இது மெட்ராஸ் பக்கத்து நியாயம். எனக்கு இன்னைக்கும் இது நல்ல நியாயமாத்தான் படுது.

திருவிதாங்கூரு விடுமா? அங்க திவானா இருந்தவரு சர் சி.பி.ராமசாமி ஐயரு. திவான் ஆகுறதுக்கு முன்னாடி மெட்ராஸ் ஐகோர்ட்டக் கலக்குன வக்கீலு. "பாசனத்துக்குத்தான் குடுத்தோம், பாசனத்துக்கு மட்டுந்தான்"னு நின்னாங்க. நல்லவேளையா, தகராறு வந்தா என்ன செய்யணும்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. ஆளுக்கொரு மத்தியஸ்தரு, அவுங்க ரெண்டுபேரும் ஒத்துவரலைன்னா மேல ஒரு நடுவரு. ரெண்டு மத்தியஸ்தரும் ஒத்துவரல, வருவாங்களா பின்ன? கல்கத்தா ஐகோர்ட்டுல ஜட்ஜா இருந்த நளினி ரஞ்சன் சாட்டர்ஜி நடுவரா உக்காந்தாரு. 1941 மே மாசம் தீர்ப்பு சொன்னாரு. பாசனம்னா பாசனந்தான், கரன்ட் எடுக்குற உரிமை இந்தக் குத்தகையில இல்ல. முடிஞ்சுது.

அப்பறம் கரன்ட் எடுக்கலையான்னு கேக்குற. எடுத்தாங்க, லோயர் கேம்ப்புல இன்னைக்கும் பவர் ஹவுஸ் ஓடுது. ஆனா அதுக்குப் புதுசாப் பேச வேண்டியதாப் போச்சு. 1970 மே 29-ந் தேதி தமிழ்நாடும் கேரளாவும் துணை ஒப்பந்தம் போட்டாங்க. ஏக்கருக்கு 5 ரூவா 30 ரூவா ஆச்சு. 30 வருசத்துக்கு ஒருக்கா வாடகையத் திருத்திக்கலாம்னு ஆச்சு. மீன் பிடிக்கிற உரிமை அங்கிட்டுப் போச்சு. எடுக்குற கரன்ட்டுக்குத் தனிக் கட்டணம். 1886-ல ஒரு சொல்ல எழுதாம விட்டதுக்கு 84 வருசம் கழிச்சு வந்த பில்லு.

இதோட விட்டாங்களா? அணை பழசாயிருச்சு, பலமில்லன்னு கேரளா. கெட்டியா இருக்கு, தண்ணிய ஏத்துன்னு தமிழ்நாடு. அந்தச் சண்டையில இந்தப் பழைய தாளு மறுபடி டெல்லிக்குப் போச்சு. "இது சமஸ்தானத்தோட வெள்ளைக்காரன் போட்ட உடன்படிக்கை, 1947-ல சுதந்திரம் வந்தப்பவே ஒழிஞ்சுபோச்சு"ன்னு ஒரு வாதம். 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டுல லோதா தலைமையில 5 ஜட்ஜுங்க அதத் தள்ளிட்டாங்க. இது அரசியல் உடன்படிக்கை இல்லப்பா, சாதாரணக் குத்தகை, அதுனால ஒழியல, அதோட 1970-ல நீங்களே கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தியிருக்கீங்கன்னு சொல்லி, 142 அடி வரைக்கும் தண்ணி தேக்கிக்கலாம்னாங்க. தாளுக்கு என்ன பேருன்னு முடிவு பண்ண 128 வருசம்.

இப்ப ஒன் டென்ட்டுக்கு வா. நாளைக்குச் செல்போன் கம்பெனிக்காரன் வாரான், அந்த மேட்டுல டவர் வைக்கணும்ங்குறான். அது "சார்ந்த இதர பணி"யா? சினிமாக்காரன் பத்து நாளு ஷூட்டிங் கேட்டு வந்தா? நீ சோலார் தகடு போட்டு மிச்சக் கரன்ட்ட வித்தா? அந்தக் காசு ஒனக்கா, எனக்கா, பாதிப்பாதியா? எனக்குன்னு நான் சொல்றேன், ஒனக்குன்னு நீ சொல்ற. இந்தச் சண்டைய இன்னைக்கே போட்டுருவோம். இன்னைக்குப் போட்டா ரெண்டு டம்ளரு காப்பிச் செலவு.

நம்ம பழைய பத்திர எழுத்தருங்களப் பாத்துச் சிரிப்பீங்கல்ல? நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமியம்னு மூச்சு விடாம எழுதுவாங்க. அதுல வெட்டி வார்த்தை ஒண்ணும் கெடையாதுடா. பொதையல் கெடச்சா யாருக்கு, தண்ணி யாருக்கு, மரம் யாருக்கு, கல்லு யாருக்கு, இனிமே வரப்போற வரும்படி யாருக்கு. ஆகாமியம்னா அந்த வரப்போறதுதான். நம்மூரு பத்திர எழுத்தன் ஒருத்தன் மூக்குல கண்ணாடியச் செருகிக்கிட்டு 1886-ல அந்த மேசை ஓரமா உக்காந்திருந்தான்னா மெட்ராசுக்குக் கரன்ட்டு ஓசியிலயே வந்திருக்கும்.

என்ன? "நான் என்ன நெனச்சு எழுதுனேன்னு கோர்ட்டுல சொல்லிக்குவேன்"ங்குறியா? சொல்லு. ஜட்ஜய்யா ஃபேனப் பாத்துக்கிட்டு இருப்பாரு. 1872-ல வந்த சாட்சியச் சட்டத்துல 91, 92-ன்னு ரெண்டு பிரிவு. 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்து நம்பரு 94, 95 ஆயிருச்சு, சரக்கு பழசுதான். எழுத்துல எழுதி முடிச்ச ஒப்பந்தத்துக்கு எதிரா வாய்ச்சாட்சி எடுபடாது. மெரட்டி வாங்குனான், ஏமாத்தி வாங்குனான்னா வேற. மத்தபடி ஒன் மனசுல என்ன இருந்துச்சுங்குறது ஒனக்கும் பூம்பாறை முருகனுக்கும் உள்ள சமாச்சாரம். தாளு என்ன சொல்லுது, வெவரம் தெரிஞ்ச மூணாவது மனுசன் அத எப்படி வாசிப்பான், அதத்தான் கோர்ட்டு பாக்கும். சொல்லு தெளிவா இருந்தா அங்கயே நின்னுரும். ரெண்டு அர்த்தம் வந்தாத்தான் மேல போகும். மொத்தப் பத்திரத்தையும் சேத்து வாசிக்கும். என்ன தொழிலு, அந்தத் தொழில்ல அந்தச் சொல்ல எப்படிப் புழங்குவாங்கன்னு கேக்கும். எழுதுன பெறகு ரெண்டுபேரும் எப்படி நடந்துக்கிட்டாங்கன்னும் பாக்கும்.

ஒப்பந்தச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுவும் 1872-தான். அதுல 29-ஆம் பிரிவு எனக்குப் புடிச்ச பிரிவு. சட்டத்துக்குள்ளயே கத வச்சிருக்கான். ஒருத்தன் நூறு டன் எண்ணெய் விக்கிறேன்னு எழுதிக் குடுக்குறான். என்ன எண்ணெய்னு தெரியல. செல்லாது. ஆனா அவன் தேங்காண்ணெய் மட்டுமே விக்கிற யாவாரின்னா? செல்லும். அவன் தொழிலே பதில் சொல்லிருது. இன்னொருத்தன் ஏன் வெள்ளக் குதிரைய 500 ரூவாய்க்கோ 1,000 ரூவாய்க்கோ தாரேங்குறான். எந்த வெலைன்னு தெரியாததால செல்லாது. நீ ரெண்டாம் பக்கத்துல என்ன எழுதியிருக்க? "குத்தகை ரூ. 3 லட்சம் அல்லது சீசனைப் பொறுத்து ரூ. 2 லட்சம்." கொண்டாந்து கட்டு குதிரைய. நான் 3 லட்சம்னு வாசிப்பேன், நீ 2 லட்சம்னு வாசிப்ப, கோர்ட்டு வாசிச்சு ரெண்டையும் தூக்கி எறிஞ்சா என்ன செய்வ?

சொல்லு தெளிவா இருக்குன்னு நாமளா நெனச்சுக்கிறதுலதான் வெனையே. கோழின்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்ல? நியூயார்க்குல 1960-ல ஒரு ஜட்ஜு உக்காந்து கோழின்னா என்னன்னு விசாரிச்சிருக்காரு, ஃபிரெண்ட்லின்னு பேரு. சுவிட்சர்லாந்துக்காரன் கோழி கேட்டான், அமெரிக்காக்காரன் கோழி அனுப்புனான். இவன் வறுக்குற எளங்கோழிய நெனச்சுக் கேட்டிருக்கான், வந்து எறங்குனது கொழம்புல மணிக்கணக்கா வேகவைக்கிற கெழட்டுக் கோழி. அகராதி வந்துச்சு, கோழி யாவாரிங்க சாட்சி சொல்ல வந்தாங்க, அரசாங்க விதியும் வந்துச்சு. கடைசில, கோழின்னா எளசுதான்னு சொல்ற நீதான் அத நிரூபிக்கணும், நிரூபிக்கலைன்னு சொல்லி வாங்குனவன அனுப்பிட்டாங்க. ஒன் டென்ட்டுல "நாட்டுக்கோழிச் சாப்பாடு"ன்னு போர்டு வைக்கப்போறியாமே. பாத்துக்க.

கப்பல் கத வேற இருக்கு. பம்பாயில இருந்து பஞ்சு, "பியர்லெஸ்" கப்பல்ல வரும்னு இங்கிலாந்துல ஒப்பந்தம். அந்தப் பேருல ரெண்டு கப்பல் இருந்திருக்கு. ஒண்ணு அக்டோபர்ல கெளம்புனது, இன்னொண்ணு டிசம்பர்ல. வாங்குறவன் ஒண்ண நெனச்சான், விக்கிறவன் மத்ததை. 1864-ல கோர்ட்டு வித்தவனுக்கு ஒண்ணும் வாங்கித் தரல. அதுனாலதான் சொல்றேன், "மேக்காலப் பாதி"ன்னு மட்டும் எழுதாத. சர்வே நம்பரு போடு, நாலு பக்கத்து எல்லையப் போடு, அளந்து போடு. நான் பாதின்னு நெனைக்கிறது பலாமரத்துக்கு இங்கிட்டு. நீ அங்கிட்டுக் கேணி வரைக்கும் கண்ணு வச்சிருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

அப்பறம் இந்தத் தலைப்பு. "லைசென்ஸ் ஒப்பந்தம், 11 மாதம்." எவனோ சொல்லியிருக்கான், வருசத்துக்கு மேல போனாத்தான் குத்தகையப் பதியணும், 11 மாசமா வெட்டி வெட்டி எழுதுனாப் பதிவுச் செலவு மிச்சம்னு. மிச்சந்தான். ஆனா பத்து வருசத்துக்கு நீ பணத்தக் கொட்டுவ, தாளு பதினோராவது மாசம் செத்துப்போகும், அப்பறம் நான் நல்லவனா இருந்தாத்தான் ஒனக்குச் சோறு. நான் நல்லவன்னு ஒங்கம்மாளக் கேளு, என்ன சொல்றான்னு பாப்போம்.

தலைப்பு எழுதுனா மட்டும் சரக்கு மாறாது. டெல்லி இம்பீரியல் ஓட்டல்ல ஒரு முடிதிருத்துற கடைக்காரருக்கு ரெண்டு ரூமக் குடுத்துட்டு "லைசென்ஸ்"னு பத்திரம் எழுதுனாங்க. 1959-ல சுப்ரீம் கோர்ட்டுல சுப்பா ராவ் ஜட்ஜு தலைப்பத் தள்ளி வச்சுட்டு உள்ள வாசிச்சாரு. எடத்த முழுசா அவன் அனுபவத்துல விட்டியா இல்லையா? விட்டேன்னா அது குத்தகைதான், நீ என்ன பேரு வேணா வச்சுக்கன்னு போச்சு.

"தற்காலிகக் கட்டுமானம்"னு எழுதியிருக்கியே, அதுக்கும் அளவு போடு. இந்தக் கோடைக்கானல்ல ரெண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்புன ஓட்டல் கத ஒனக்குத் தெரியும். பழனி மலைப் பாதுகாப்புக் கழகத்துக்காரங்க விடாம 1995-ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி மேல இருந்த மாடிகளோட கதைய முடிச்சுட்டாங்க. அது ஒப்பந்தமில்ல, அனுமதிதான். இருந்தாலும் ரெண்ட ஏழுன்னு வாசிக்கிற பழக்கம் ஒனக்கும் இருக்கு, சின்ன வயசுல லட்டு எண்ணுனப்பவே பாத்தேன்.

ஆளு வரலைன்னா? 2024 மே 7-ல இருந்து மலையேற இ-பாஸ் கேக்குறாங்க. நாளைக்கு இன்னும் இறுக்குனா, இல்ல இன்னொரு கொரோனா வந்தா, "மாமா, குத்தகையக் கொறைங்க"ன்னு வருவ. பத்திரத்துல எழுதாம வந்தா நான் காது கேக்காத மாதிரி இருப்பேன். கோர்ட்டும் பெருசாக் கேக்காது. 1968-லயே சுப்ரீம் கோர்ட்டு, நடக்கவே முடியாமப் போன ஒப்பந்தத்துக்கு உள்ள ஒப்பந்தச் சட்டத்து 56-ஆம் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாதுன்னு சொல்லிருச்சு. 2020 லாக்டவுன்ல டெல்லி கான் மார்க்கெட்டுல கடைக்காரரு ஒருத்தரு வாடகைய நிறுத்தி வைக்கச் சொல்லி ஐகோர்ட்டுக்குப் போனாரு, முடியாதுன்னுட்டாங்க. அதுனால ஒரு வரி சேரு. அரசாங்கம் இத்தன நாளுக்கு மேல மூடுனா இத்தன பங்கு கழிவு. எத்தன பங்குன்னு கேக்குறியா? நீ பாதி கேளு, நான் கால்ல நிக்கிறேன்.

சண்டைய முடிக்கிற தாளுலயும் இதே சூதானம் வேணும். கோடைக்கானல் தெர்மாமீட்டர் கம்பெனி, பாதரசம் கொட்டுனதா ஊரே கொதிச்சு 2001-ல மூடுனது. 2016 மார்ச்சுல ஹிந்துஸ்தான் யூனிலீவரும் பழைய தொழிலாளிங்க சங்கமும் சமரசம் எழுதுனாங்க. 591 பேருக்குப் பணம். எந்தப் பேருல? மனிதாபிமான அடிப்படையில கருணைத்தொகை. நட்டஈடுன்னு எழுதல. நட்டஈடுன்னு எழுதுனா நட்டம் பண்ணுனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல. வேலையால ஒடம்புக்குக் கெடுதல் வரலைங்குறதுதான் கம்பெனி பேச்சு. வருசக்கணக்கா ஐகோர்ட்டுக்கு அலைஞ்சவங்க, பணம் வேணும்னு வாங்கிக்கிட்டாங்க, அவுங்களக் கொற சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கருணைங்குற சொல்லு எனக்கு இன்னும் தொண்டையிலயே நிக்குது. அத எழுதுன வக்கீலுக்கு நல்ல சம்பளம் குடுத்திருப்பாங்க.

எங்க, பேனாவ எங்கிட்ட நீட்டுற? நீயே பிடி, நீயே எழுது. மாமனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சுக்க. நெசமான காரணம் வேணுமா? சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் வந்து எந்த வழியிலயும் தீரலைன்னா, எழுதுனவனுக்கு எதிரா இருக்குற அர்த்தத்த எடுத்துக்கன்னு ஒரு பழைய விதி இருக்கு. இன்சூரன்ஸ் கேசுலதான் அதிகம் வரும், பாலிசி எழுதுறவன் அவன்தானே. அதுக்காக எல்லா நேரமும் காப்பாத்தாது. 2004-ல ஒரு யாவாரி, கொள்ளைக்குப் பாலிசி எடுத்திருந்தாரு, திருட்டு நடந்துச்சு. கதவ ஒடைக்கல, ஆள அடிக்கல. பாலிசியில பலவந்தமா நுழைஞ்சாத்தான்னு தெளிவா இருக்கு, அதுனால பணம் கெடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. தெளிவா இருந்தா இந்த விதிக்கு வேலையில்ல. கொழப்பமா இருந்தாத்தான் வேல. நீ எழுதுறது எப்படி இருக்கும்னு பள்ளிக்கூடத்துல இருந்து பாக்குறேனே.

என்னடா மொறைக்கிற? அத ஒங்கிட்டச் சொல்லிட்டேன்ல, அப்பறம் என்ன களவாணித்தனம்? ரெண்டுபேரும் சேந்து எழுதுனதுன்னு கடைசில ஒரு வரி போட்டுக்க, அந்த வாதத்தையே எடுக்க முடியாது. போடு, போடு. எனக்கு வருத்தந்தான், ஆனாப் போடு.

மிச்சம் ஒண்ணுதான், தகராறு வந்தா யாரு தீக்குறது? கோர்ட்டுன்னா திண்டுக்கல்லு, மதுரக் கிளை, டெல்லின்னு போயிக்கிட்டே இருக்கும், ரெண்டுபேரும் கெழவனாயிருவோம். நான் ஏற்கனவே ஆயிட்டேன். அதுனால மத்தியஸ்தருன்னு போட்டு ஏன் பேர எழுது. என்னது, செல்லாதா? யாருடா சொன்னது? அட, சுப்ரீம் கோர்ட்டோட 2019 தீர்ப்பக்கூடப் படிச்சுட்டுத்தான் வந்திருக்க! லாபம் உள்ளவன் மத்தியஸ்தராவும் இருக்கக்கூடாது, தனியா ஒருத்தர நியமிக்கவும் கூடாது, ஆமா. அப்ப ஒங்கத்தை பேரப் போடு. பொஞ்சாதிங்குறதால சட்டப்படி அவளும் ஆகாதுதான். ஆனா இந்த முப்பது வருசத்துல அவ ஏம் பக்கம் ஒரு வார்த்த பேசியிருக்கான்னு எந்த ஜட்ஜு வேணா வந்து விசாரிக்கட்டும்.